மூன்று புள்ளி, ஒரு கோடு

என் சகலையைப் போல ஓர் ஆள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். கூடப் பிறந்தவர்களிடம்கூடக் கொடுக்காத ஒர்க்‌ஷாப் சாவியை அவனிடம் கொடுத்தேன். "எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டு நிக்காதீங்க" என்று மனைவி ஒருமுறை சொன்னபோது, "உன் தங்கச்சி புருஷன்தானே" என்று அவள் வாயை அடைத்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழைய கார்கள் மட்டும்தான். உதிரிபாகம் கிடைக்காத, சொந்தக்காரரைப் பைத்தியமாக அடிக்கிற கிழட்டு வண்டிகள். அவற்றில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கையில் எந்தச் சாமானைக் கொடுத்தாலும், எந்த வண்டியில் எந்த இடத்தில் உட்காருகிற சாமான் அது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். நாடி பிடிப்பது மாதிரி இருக்கிறதென்று வாடிக்கைக்காரர்கள் எனக்கு 'வைத்தியர்' என்று பேர் வைத்தார்கள். எழுதி வைப்பது, போட்டோ எடுப்பது எல்லாம் என்னிடம் கிடையாது. "எல்லாம் விரல்ல இருக்கு" என்று அலட்டிக்கொள்வேன். சகலை பக்கத்தில் நின்று சிரிப்பான். அந்தச் சிரிப்பில் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எனக்கென்று ஒரு வண்டி இருந்தது. கறுப்பு நிறம், இரண்டு கதவு, என் வயதையும் மனைவி வயதையும் கூட்டினால்தான் அதன் வயது வரும். மூடிப்போன ஒரு மில்லின் பின்பக்கம் மழையில் கிடந்ததை இழுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அதற்கு 'சக்களத்தி' என்று பேர் வைத்திருந்தாள். "சக்களத்தி வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்பாள். வண்டி ஓட ஆரம்பித்ததும் முதல் ரவுண்டு அவளோடுதான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கடைசியாக அதன் கிளட்சைப் பிரித்தேன். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருந்துகொண்டு இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும்தான் கிளட்சின் வேலை. இன்ஜினோடு சுற்றுகிற கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதன்மேல் ஒரு தட்டு. அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்க, உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி. மூடியைக் கழற்றும்முன் மூடியிலும் ஃப்ளைவீலிலும் நேருக்கு நேர் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப அதே இடத்தில் மாட்டாவிட்டால் வண்டி உதறும். மற்ற மெக்கானிக்குகள் பஞ்ச் என்கிற கூரான இரும்பைச் சுத்தியலால் தட்டி ஒரு புள்ளி வைப்பார்கள். ஒரு புள்ளி துருவில் மறைந்துவிடும் என்று நான் மூன்று புள்ளி வைத்து, பக்கத்தில் உளியால் ஒரு சின்னக் கோடும் போடுவேன். அதுதான் என் கையெழுத்து.

அன்றைக்கு ஒன்பது ஸ்பிரிங்கில் ஒன்று குட்டையாகிப் போயிருந்தது. அந்தக் காலத்து ஸ்பிரிங்குக்கு எங்கே போவது? வீட்டில் அடி ஓட்டையாகிப் பரண்மேல் கிடந்த செப்புக் கெட்டிலில் இருந்து ஒரு வில்லை வெட்டி, அந்த ஸ்பிரிங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். கெட்டிலை வெட்டியதற்காக மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. மூடியை மாட்டி முடித்தேன். கியர்பாக்ஸைத் தூக்கி வைப்பதுதான் பாக்கி. அதற்குள் தரையில் கிடந்த எண்ணெயில் கால் வழுக்கி, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்துக்குள் தலைகீழாக விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், என் மனைவியையும் சகலையையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். சில விஷயம் மறந்து போகலாம், சில விஷயம் ஒன்றோடொன்று குழம்பிப் போகலாம், கோபப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மனைவி அதைக் கேட்டுவிட்டு அழுதாள். சகலை அதைக் கேட்டுவிட்டு என்ன செய்தான் என்பதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நான் திரும்ப ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது என் வண்டியில் கியர்பாக்ஸ் ஏறியிருந்தது.

"நீ மாட்டினியா சகலை?"

"நீங்கதான்ணே மாட்டினீங்க. மாட்டிட்டு ஏறி வரும்போதுதான் விழுந்தீங்க."

எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. சரி, தலையில் அடிபட்டவனுக்கு விழுந்த நேரம் மறந்து போகும்தானே என்று விட்டுவிட்டேன். இன்ஜினை ஓடவிட்டுக் கிளட்சை மிதித்துக் கியர் போட்டேன். வண்டி நகரவில்லை, கிளட்ச் வழுக்கியது. இரண்டு பேருமாகக் கியர்பாக்ஸை இறக்கினோம். உள்ளே பார்த்ததும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

மூடியில் ஆறு ஸ்பிரிங்தான் இருந்தது. தட்டின் நடுத்துளையில் பத்துப் பல் இருக்க வேண்டும், ஆறு இருந்தது. பெடலை மிதித்ததும் போய் மூடியை அழுத்துகிற வளையம், அந்தக் காலத்து வழக்கப்படி கரியால் செய்ததாக இருக்க வேண்டும். இங்கே பிற்காலத்துப் பேரிங் இருந்தது. கியர்பாக்ஸின் மூடிகூட வேறு வடிவம். எல்லாவற்றுக்கும் மேல், மூடியிலும் சரி, ஃப்ளைவீலிலும் சரி, மூன்று புள்ளியும் கோடும் இல்லை.

"இது என்னோடது இல்ல" என்றேன்.

சகலை ஸ்பேனரைக் கீழே வைத்தான். பக்கத்தில் வந்து என் தோளில் கை போட்டான். "அண்ணே, இதுதான் இருந்துச்சு. நீங்க வேற ஏதோ வண்டிய நெனச்சுக்கிட்டுப் பேசறீங்க."

"அப்ப என் புள்ளி எங்க?"

"வைக்க மறந்திருப்பீங்க."

"நானா?"

"விடுங்கண்ணே. டாக்டர் சொன்னாருல்ல."

அவன் குரலில் அவ்வளவு பாசம். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், உண்மை வெளியே வந்திருக்கும். பாசத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது? போட்டோ இருக்கிறதா என்று கேட்டான், இல்லை. எங்கேயாவது எழுதி வைத்தீர்களா என்று கேட்டான், அதுவும் இல்லை. எல்லாம் விரலில் இருக்கிறது என்று பீற்றிக்கொண்டவன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சறுக்கல்தான். கெட்டில் வில்லையைத் தேடினேன், ஆறு ஸ்பிரிங்குக்கு அடியிலும் எதுவும் இல்லை. கெட்டிலை வெட்டியது நிஜம், வில்லையை உள்ளே வைத்ததுதான் கனவு என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நட்டைத் தொட்டதும் விரல் அளவைச் சொல்லும், நான் நம்பாமல் அளந்து பார்ப்பேன். விரல் சொன்னது சரியாகவே இருக்கும். அப்படியும் அடுத்த நட்டை அளப்பேன். வாடிக்கைக்காரர் ஒருவர் வழக்கம் போல விளையாட்டாகக் கையில் ஒரு சாமானைக் கொடுத்து, "சொல்லுங்க வைத்தியரே" என்றபோது, கண்ணை மூடப் பயமாக இருந்தது. எனக்கு வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டேன். கொஞ்ச நாளில் கியர்பாக்ஸ், இன்ஜின் எல்லாம் சகலை கைக்குப் போய்விட்டது. "நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே" என்பான். நான் மண்ணெண்ணெய்த் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாமான் கழுவினேன்.

வீட்டிலும் அதே கதை. சகலை ஒருநாள் சாப்பிட வந்தவன், நான் கை கழுவப் போன நேரத்தில் மனைவியிடம் மெதுவாக, "அக்கா, கேஸ மட்டும் அண்ணனைத் தொட விடாதீங்க" என்று சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அவள் எனக்குப் பின்னாலேயே வந்து அடுப்பைப் பார்ப்பாள். மாத்திரை போட்டாயிற்றா என்று இரண்டு தடவை கேட்பாள். சமையலறையில் அவள் எனக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஷட்டரைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போவேன். பூட்டினேனா என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போவேன். "பூட்டிட்டீங்கண்ணே, நான் பாத்தேன்" என்று சகலை சொல்வான். எனக்கு அவன்மேல் நன்றி பொங்கும். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அறுபடுகிற கழுத்தே நன்றி சொன்னது எங்கள் ஒர்க்‌ஷாப்பில்தான்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்களுக்குப் புதிதாக ஒரு வாடிக்கைக்காரர் வந்திருந்தார். கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடமும் என் வண்டி மாதிரியே ஒரு வண்டி, அதே கம்பெனி, அதே மாடல், நிறம் மட்டும் கரும்பச்சை. முன்பு அதில் யாரோ பிற்காலத்துக் கியர்பாக்ஸை மாட்டி வைத்திருந்தார்களாம். கண்காட்சியில் அதற்காகவே மார்க் குறைப்பார்களாம். "உங்க சகலை எங்கேயோ தேடிப் புடிச்சு ஒரிஜினல் கொண்டு வந்துட்டார், பெரிய ஆள்" என்று என்னிடமே சொன்னார். அந்த வருடம் கண்காட்சியில் அவர் வண்டிக்குக் கோப்பை கிடைத்தது. சகலை கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ எங்கள் சுவரில் தொங்கியது. அதன் கண்ணாடியைத் தினமும் துடைத்தவன் நான். கேப்டன் வண்டியை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது என்பது சகலையின் கட்டளை. என் நிலைமைக்கு அது நியாயம் என்றே நினைத்தேன்.

சகலையும் அவன் மனைவியும் வெளியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று காலையில் கேப்டன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். கிளட்சை மிதித்தால் கீச்சென்று கத்துகிறது என்றார். சகலையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "விட்டுட்டுப் போங்க சார், வந்ததும் பாப்பான்" என்று அனுப்பி வைத்தேன்.

அவர் போனபிறகு உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தேன். கரி வளையம் தேய்ந்து இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம். அது எனக்குத் தெரிந்த சத்தம். தெரிந்ததா, தெரிந்த மாதிரி இருக்கிறதா? அந்த ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் கியர்பாக்ஸை இறக்கினேன், சத்தியமாக வேறு எதுவும் மனதில் இல்லை. ஜாக்கியில் இறக்கும்போதே அதன் கனம் என் முழங்கைக்குப் பழகியதாக இருந்தது. தட்டுக்குள் நுழைகிற ஷாஃப்டின் பல்லை விரலால் எண்ணினேன். பத்து. உள்ளே கரி வளையம், தேய்ந்து ஒரு பக்கம் உடைந்து. மூடியில் ஸ்பிரிங் ஒன்பது.

மூடியின் ஓரத்தைத் துணியால் துடைத்தேன். மூன்று புள்ளி, ஒரு கோடு. நேர் எதிரே ஃப்ளைவீலில் மூன்று புள்ளி, ஒரு கோடு.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. இந்த வண்டியையும் நானே எப்போதோ பிரித்து மாட்டிவிட்டு மறந்துவிட்டேனோ? அதைத்தான் என் வண்டி என்று போட்டுக் குழப்பிக்கொள்கிறேனோ? தன் கையெழுத்தைப் பார்த்தே இது நான்தானா என்று கேட்கிற இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தான்.

அப்போது மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். விழுந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டை அவளே கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருப்பாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேட்டு வெச்சுக்க" என்றேன். "இத இன்னும் நான் பிரிக்கல. உள்ள என்ன இருக்குன்னு முன்னாடியே சொல்றேன். இந்தக் கோட்டுக்கு நேரா இருக்கற ஸ்பிரிங்குக்கு அடியில செப்பு வில்லை இருக்கும். உன் கெட்டில்ல வெட்டினது."

"இது கேப்டன் வண்டிங்க."

"தெரியும்."

"சரிங்க. மொதல்ல சாப்பிடுங்க." அவள் முகம் வாடிவிட்டது. காய்ச்சல்காரன் உளறும்போது அவனிடம் பேசுகிற குரல் அது. பழி போட மாட்டேன், அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நான் சாப்பிடவில்லை. மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றினேன். மூடியைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, உள் நட்டுகளைக் கழற்றி, மெதுவாகக் கைப்பிடியை விட்டேன். ஸ்பிரிங்குகள் நிமிர்ந்தன. வில்லை இல்லாவிட்டால் இனி இந்த ஷட்டருக்குள் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கோட்டுக்கு நேரே இருந்த ஸ்பிரிங்கை எடுத்து, அடியில் விரல் வைத்தேன்.

இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு கண்ணை மூடினேன். ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் சின்னச் சின்னக் குழி, சுத்தியலால் தட்டித் தட்டிப் பூ வைத்த மாதிரி. அதை மனைவி கையில் வைத்தேன். கார் என்றாலே இரும்பு என்று சொல்லிவிட்டுப் போகிறவள் அவள். விரலால் கரியைத் துடைத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் கெட்டில்" என்றாள்.

பிறகு சாப்பாட்டுப் பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு, டயர் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "நீங்க நல்லாத்தான் இருந்தீங்களா? இவ்வளவு நாளும் நல்லாத்தான் இருந்தீங்களா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நொடி குதிக்கலாம் போல இருந்தது. என் தலை நன்றாக இருக்கிறது, என் விரல் பொய் சொல்லவில்லை. அடுத்த நொடியே இன்னொன்றும் உறைத்தது. என் தலை நன்றாக இருக்கிறது என்றால், அது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

மறுநாள் காலையில் சகலை கல்யாண வீட்டுப் பலகாரப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். கேப்டன் வண்டி ஸ்டாண்டில் நிற்பதைப் பார்த்ததும் பேயறைந்தவன் மாதிரி நின்றான். "யாருண்ணே இதைப் பிரிச்சது?"

நான் அவன் உள்ளங்கையில் வில்லையை வைத்தேன். அது என்னவென்று அவனுக்குத் தெரியாது. மூடியின் உள்ளே அவன் பிரிக்கவே இல்லை, ஃப்ளைவீலையும் சேர்த்து அப்படியே எடுத்து மாட்டியிருக்கிறான். புள்ளியைப் பார்த்துச் சரியாக மாட்டியிருந்தான் என்பதுதான் எரிச்சலிலும் எரிச்சல். திருட்டு வேலைக்கும் என் அடையாளம் வேண்டியிருந்தது.

"என் புள்ளி எங்கன்னு அன்னிக்குக் கேட்டேன்" என்றேன். "இதோ இருக்கு."

அவன் பலகாரப் பொட்டலத்தைப் பெஞ்சின் மேல் வைத்தான். மனைவி என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க பொழைக்கறதே கஷ்டம்னு சொன்னாங்கண்ணே. கேப்டன் வேற நெருக்கிக்கிட்டே இருந்தாரு. அதான் மாத்தினேன். அப்புறம் நீங்க எந்திரிச்சு வந்துட்டீங்க."

எந்திரிச்சு வந்துட்டீங்க. அதுதான் என் தப்பு போலிருக்கிறது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா." அவனை நான் 'டா' போட்டது அன்றைக்குத்தான்.

"தெரியும்ணே."

"அப்புறம் ஏன்டா?"

"கேட்டு வாங்கினா, வைத்தியர் குடுத்தாருன்னுதான் சொல்வாங்க. எதைச் செஞ்சாலும் வைத்தியர் ஒர்க்‌ஷாப், வைத்தியர் கை. நான் ஒண்ணு கண்டுபுடிச்சதா ஒருதடவையாவது இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

அதைக்கூட என்னால் மன்னித்திருக்க முடியும். கியர்பாக்ஸ் இரும்பு, போகட்டும். "எனக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு எத்தனை தடவ சொன்ன? எத்தனை பேர்கிட்ட சொன்ன?"

"அப்படிச் சொல்லலண்ணே. அன்னிக்கு ஒருதடவ, மறந்திருப்பீங்கன்னு சொன்னேன். மிச்சமெல்லாம் நீங்களாவே நம்பிட்டீங்க."

என் மட்டில் அவன் சொன்னது பொய்யும் இல்லை. என் மனைவிதான் முன்னால் வந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"கேஸத் தொட விடாதீங்கன்னு சொன்னியே தம்பி. என் வீட்ல, நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டே சொன்னியே. அவர் தூங்கினப்புறம் மூச்சு வருதான்னுகூடப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேனே நான்."

அவன் அவள் காலைத் தொடக் குனிந்தான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். நான் கையை நீட்டினேன். சாவியை வைத்துவிட்டு, பலகாரப் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளாமலே போனான். அக்காளும் தங்கையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கை யாரிடம் போய்க் கேட்பது?

கேப்டனிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். அவர் எழுந்துபோய் அலமாரியில் இருந்த கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "உங்க பொருள எடுத்துக்குங்க, எனக்குப் பழசையே மாட்டிக் குடுங்க" என்றார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கடைசல்காரரிடம் புதுக் கரி வளையம் செய்து வாங்கி, வில்லையை அதன் இடத்திலேயே வைத்து, மூன்று புள்ளிக்கு நேரே மூன்று புள்ளியை வைத்து என் வண்டியில் மாட்டினேன். கிளட்ச் பூப்போல இறங்கியது. மனைவியை முன்சீட்டில் உட்கார வைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். "சக்களத்தி நல்லாத்தான் ஓடறா" என்றாள். சிரித்தோம்.

வண்டியை உள்ளே விட்டு, ஷட்டரை இறக்கி, பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். க்ளிக்கென்று விழுந்தது காதில் கேட்டது, விரலுக்கும் தெரிந்தது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மனைவியோடு பேசியபடி நடந்தேன். தெருமுனை வந்தது. கால் நின்றுவிட்டது.

பூட்டியாயிற்று, எனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். வில்லை சாட்சி, கெட்டில் சாட்சி, பக்கத்தில் நிற்கிற இவளே சாட்சி. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

நான் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன்.